மனு எழுதாதவர்கள்

அனுப்புநர் என்ற இடத்தில் ஒரு பெயரும் விலாசமும் இல்லாவிட்டால் அது மனு ஆகாது, மொட்டைக் கடுதாசி. அரசாங்கத்தின் எல்லாக் குறைதீர்ப்பு ஏற்பாடுகளுக்கும் இதுதான் அஸ்திவாரம். குறை இருந்தால் மட்டும் போதாது. அதைத் தன் பெயரில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கையெழுத்துப் போடவோ கைநாட்டு வைக்கவோ ஒரு கை சும்மா இருக்க வேண்டும்.

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்து எரிந்தது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். ஏர்வாடி ஒன்றும் ஒளிவுமறைவான ஊர் இல்லை. சுல்தான் செய்யிது இப்ராஹிம் ஷஹீது பாதுஷா நாயகத்தின் தர்காவுக்குக் கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்திறங்குகிற ஊர். சந்தனக்கூடு வந்தால் மாவட்ட நிர்வாகமே வந்து நின்று பந்தோபஸ்து பார்க்கும். சங்கிலியை எவரும் மறைத்து வைத்திருக்கவில்லை. மரத்தடியிலும் கொட்டகைத் தூணிலும், போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படிதான் இருந்தது. பார்த்தவர்களில் நோயாளியின் உறவினர் உண்டு, காப்பகம் நடத்தியவர் உண்டு, யாத்ரீகர் உண்டு, அரசு ஊழியர் உண்டு. இவர்களில் யார் போய் யாரிடம் புகார் சொல்வது? கொண்டுவந்து விட்டவரே அண்ணனோ அப்பனோ ஆக இருக்கும்போது, மனுதாரர் என்று ஒருவர் அங்கே உருவாகவே இல்லை.

உள்ளாட்சிக் குறைதீர்ப்பாளர் என்ற பதவியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு ஏர்வாடி நினைவுக்கு வருவது இதனால்தான். அந்தப் பதவி எவ்வளவு நல்லது என்பதைக் காட்ட நூறு உதாரணம் சொல்லலாம். அது எங்கே நின்றுவிடுகிறது என்பதைக் காட்ட இந்த ஓர் ஊர் போதும்.

அந்தக் காப்பகங்களுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 1993-இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. மனநோயாளிகளை வைத்துப் பராமரிக்க உரிமம் வேண்டும் என்றது. அதைவிட முக்கியமான ஒன்றையும் சொன்னது: ஒவ்வொரு மனநல மருத்துவமனைக்கும் இல்லத்துக்கும் மாநில அரசு குறைந்தது ஐந்து பார்வையாளர்களை நியமிக்க வேண்டும், மாதம் ஒருமுறையாவது அவர்களில் மூன்று பேர் சேர்ந்து போய் ஒவ்வொரு அறையாகப் பார்க்க வேண்டும். யாரும் மனு கொடுக்க வேண்டியதில்லை. கேட்காமலே போய்க் கதவைத் தட்டும் ஏற்பாடு. ஆனால் ஏர்வாடிக் காப்பகங்கள் உரிமம் இல்லாமல் நடந்தவை. உரிமம் இல்லாததால் பதிவேட்டில் இல்லை. பதிவேட்டில் இல்லாததால் பார்வையாளர் இல்லை. சட்டத்தை மதித்தவன் வீட்டுக்கு மட்டும் ஆய்வாளர் வருவார், மதிக்காதவனுக்கு அந்தத் தொந்தரவும் கிடையாது. நம் நிர்வாகத்தின் இந்த விசித்திரத்துக்கு இதைவிடப் பச்சையான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

தீ விபத்துக்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஒரே வாரத்தில் மற்றக் காப்பகங்கள் மூடப்பட்டன, ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டார்கள். விசாரணை ஆணையம் உட்கார்ந்தது. காப்பகம் நடத்தியவர்களுக்கு 2007-இல் சிறைத்தண்டனை கிடைத்தது. குற்றவியல் நீதிமன்றம் செய்தவன் யார் என்று கேட்கும், கேட்டது. செய்யாமல் விட்டவர் யார், எந்த மேசையில் எந்தக் கோப்பு தூங்கியது, கொட்டகை மேல் கொட்டகையாக ஊருக்குள் முளைத்தபோது கட்டட அனுமதி பற்றி யார் வாய் திறக்கவில்லை, இத்தனை பேருக்குக் கழிப்பிடமும் குடிதண்ணீரும் எங்கிருந்து என்று யார் யோசிக்கவில்லை என்ற கேள்விகளுக்குக் கூண்டில் இடமில்லை. அவற்றைக் கேட்பதற்காகவே உலகம் கண்டுபிடித்த பதவிதான் குறைதீர்ப்பாளர்.

ஸ்வீடன் 1809-இல் ஆரம்பித்து வைத்த அந்தப் பதவி, உள்ளாட்சிக்கென்று தனியாக இறங்கி வர நெடுங்காலம் ஆயிற்று. இங்கிலாந்தில் 1974-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தில்தான் வந்தது. அவர்கள் விசாரிப்பது ஊழலை அல்ல, நிர்வாகச் சீர்கேட்டை. அது என்னவென்று சட்டத்தில் விளக்கம் இல்லை. 1966-இல் அங்கே நாடாளுமன்றத்தில் இந்தப் பேச்சு வந்தபோது ரிச்சர்ட் கிராஸ்மேன் என்ற அமைச்சர் ஒரு பட்டியல் சொன்னார்: பாரபட்சம், புறக்கணிப்பு, கவனமின்மை, இழுத்தடிப்பு, திறமைக்குறைவு இப்படிப் போகிறது அது. எல்லா அரசு அலுவலகத்திலும் கையூட்டு வாங்காத ஒரு நல்ல மனிதரும்கூட ஒரே நாளில் செய்துவிடக்கூடிய பிழைகள். நம் ஊரில் இதை யாரும் குற்றமாகவே எண்ணுவதில்லை. "அவர் காசு வாங்கமாட்டார்" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டால் அவர் மேசையில் மூன்று வருடமாகக் கிடக்கும் விண்ணப்பத்தைப் பற்றிப் பேச்சு முடிந்தது.

இந்தியாவில் மொரார்ஜி தேசாய் தலைமையிலான நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 1966 அக்டோபரிலேயே லோக்பாலும் லோக் ஆயுக்தாவும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது. அது அமைச்சரையும் செயலாளரையும் மனதில் வைத்து எழுதியது. தெருக்குழாயடியில் நிற்பவளுக்கான அலுவலகத்தைக் கேரளம்தான் முதலில் திறந்தது, அதுவும் காரணத்தோடு. 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளின் கைக்குப் போயிற்று. பணம் போன இடத்துக்குக் கண்ணும் போகவேண்டும் என்று எஸ்.பி. சென் குழு பரிந்துரைத்தது. 1999-இல் பஞ்சாயத்து ராஜ் சட்டத்தைத் திருத்தி, 2000-இல் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் ஏழு பேர் கொண்ட அமைப்பாக உட்காரவைத்தார்கள். ஏழு பேர் அதிகம் என்று அடுத்த வருடமே ஒற்றை நபராகச் சுருக்கியும்விட்டார்கள். அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. இழப்பீடு கொடு என்று சொல்லலாம், வீணான பணத்தைத் திருப்பிக் கட்டு என்று சொல்லலாம், செய்யாமல் விட்டதைச் செய் என்றும் சொல்லலாம். திருவனந்தபுரத்திலேயே இருந்துவிடாமல் மாவட்டங்களுக்குப் போய் முகாம் போட்டு விசாரிக்கிறார். இன்னொன்று முக்கியம்: யாரும் புகார் தராமலே தன் கவனத்துக்கு வந்த விஷயத்தையும் அவர் எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகளுக்கான முறைமன்ற நடுவர் சட்டம் 2014-இல் வந்தது. ஊழல், நிர்வாகச் சீர்கேடு இரண்டையும் விசாரிக்கலாம். முன்னாள் மாநிலத் தேர்தல் ஆணையர் சோ. அய்யர் அந்தப் பொறுப்பில் அமர்ந்தார். நல்ல காரியம்தான். ஆனால் அதற்கு முன்பே பதின்மூன்றாவது நிதிக்குழு, உள்ளாட்சிகளுக்கான செயல்திறன் மானியம் வேண்டுமானால் சுயேச்சையான குறைதீர்ப்பாளர் இருக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தது. அரசுகளுக்கு ஞானம் பெரும்பாலும் மானிய நிபந்தனை வழியாகத்தான் வருகிறது. அதில் தவறில்லை, வந்தால் சரி. சென்னையில் அலுவலகம். ஏர்வாடியிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல்.

ஆகவே ஏர்வாடிப் பக்கத்து ஜனங்களுக்கு நடுவர் என்றால் திங்கட்கிழமைதான். மக்கள் குறைதீர்க்கும் நாள். மாவட்டத்தின் எந்த மூலையிலிருந்தும் ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறுகிறார்கள். தமிழ்நாட்டில் எந்தக் கலெக்டர் அலுவலக வாசலுக்குப் போனாலும் திங்கட்கிழமை காலை ஒரே காட்சிதான். வேப்பமரத்தடியில் மனு எழுதுபவர், அட்டை, கார்பன் பேப்பர் போன இடத்தில் இப்போது ஜெராக்ஸ். எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மா பேச்சை நிறுத்துவதில்லை.

"ஒரு மாசமாத் தண்ணி வரலண்ணே. தள்ளுவண்டில ஆறு கொடத்த வச்சுக்கிட்டு ரோட்டக் கடந்து போறோம். குடிக்கிற தண்ணிய வெலைக்கு வாங்குறோம். பஞ்சாயத்துல கேட்டா மோட்டார் ரிப்பேருங்கிறாக, அடுத்த வாரங்கிறாக."

மனு எழுதுபவர் தலை நிமிராமல் எழுதுகிறார்: மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன். எங்கள் பகுதியில் கடந்த ஒரு மாத காலமாகக் குடிநீர் விநியோகம் தடைப்பட்டுள்ளது. ஆகவே சமூகம் அவர்கள் தயவு கூர்ந்து. ஆறு குடத்தையும் தள்ளுவண்டியையும் காணோம். ரோட்டைக் கடப்பதும் காணோம். "அதையும் எழுதுங்கண்ணே" என்று அந்த அம்மா சொன்னால், "அதெல்லாம் படிக்க மாட்டாகம்மா, பொருள்ல என்ன இருக்குன்னுதான் பார்ப்பாக" என்பார். அவர் சொல்வது உண்மை. பல வருட அனுபவம் பேசுகிறது.

உள்ளே நுழையும்போது போலீஸ் பையைத் திறந்து பார்க்கிறது. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி மோந்து பார்க்கிறது, மண்ணெண்ணெய் வாடை இருக்கிறதா என்று. 2017 அக்டோபர் 23-ஆம் தேதி, அதுவும் ஒரு திங்கட்கிழமை, திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமைக்கு ஆளான ஒரு குடும்பம் தீக்குளித்தது. அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள். மீண்டும் மீண்டும் மனு கொடுத்துப் பார்த்தவர்கள். அதற்குப் பிறகு மாவட்டம் தோறும் மாறியது மனுவைக் கையாளும் விதம் என்று நாம் நினைத்துவிடக் கூடாது. மாறியது வாசல் சோதனை. தண்ணீர் இல்லை என்று சொல்ல வந்தவள் கையிலிருக்கும் தண்ணீரை ஒரு காவலர் மோந்து பார்த்துவிட்டு உள்ளே விடுகிறார்.

மனு கொடுத்தாகிவிட்டது. பதிவு எண்ணோடு ரசீதும் வந்துவிட்டது. இனி அந்தக் காகிதம் இறங்குமுகம். கலெக்டரிடமிருந்து உரிய அலுவலருக்கு, அவரிடமிருந்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, அங்கிருந்து ஊராட்சிச் செயலருக்கு. யார் மீது குறை சொன்னார்களோ அவர் கைக்கே நேராகப் போய்ச் சேருகிறது, மனுதாரரின் பெயர், விலாசம், செல்போன் எண்ணோடு. செயலர் கூப்பிடுவார். "ஏங்க்கா, கலெக்டர் வரைக்கும் போகணுமா, ஏங்கிட்டச் சொன்னா செய்ய மாட்டேனா?" குரலில் கோபம்கூட இருக்காது, வருத்தம்தான் இருக்கும். சில நாள் கழித்து ஒரு பதில் கடிதம்: நிதிநிலைக்கேற்ப நடவடிக்கை எடுக்கப்படும் என்ற விவரம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது. பதில் போய்விட்டதால் கணக்கில் மனு முடிந்துவிட்டது. பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. மனுநீதித் திட்டம், அம்மா அழைப்பு மையம், முதல்வரின் முகவரி, மக்களுடன் முதல்வர், உங்களுடன் ஸ்டாலின். காகிதம் போகும் வாய்க்கால் மட்டும் மாறவில்லை.

குறைதீர்ப்பாளர் வேறாக இருக்கவேண்டிய இடம் இதுதான். அவர் முதலில் கேட்பது, உள்ளாட்சியிடம் நேரில் கேட்டீர்களா, அவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்தீர்களா என்பதே. அது நியாயம். பிறகு அலுவலகத்திடம் விளக்கம் கேட்கிறார். விளக்கம் வந்ததோடு கட்டை மூடுவதில்லை. மோட்டார் எப்போது கெட்டது, யாருக்கு எப்போது தெரியும், பழுது பார்க்க எந்தத் தேதியில் யார் ஒப்புதல் கேட்டார், ஒப்புதல் எத்தனை நாள் எங்கே கிடந்தது என்று கோப்பை வரவழைத்துப் பார்க்கிறார். பதில் போயிற்றா என்பதல்ல அவர் கேள்வி, தண்ணீர் வந்ததா என்பது. இங்கிலாந்தில் அவர் சொல்வதை உள்ளாட்சி ஏற்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனாலும் பெரும்பாலும் ஏற்றுவிடுகிறார்கள், ஏனென்றால் அறிக்கை ஊரறிய வெளிவருகிறது. வெட்கம் என்று ஒன்று இருக்கும் இடத்தில் பரிந்துரையே போதும். இங்கே எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. கேரளத்தைப் போல ஆணையிடும் அதிகாரம் இல்லாமல் இந்தப் பதவி ஓய்வுபெற்றவர்களுக்கு ஒரு நாற்காலியாக மட்டும் மிஞ்சும்.

நூறு நாள் வேலையில் ஒரு சிறிய முன்மாதிரி இருக்கத்தான் செய்கிறது. 2009-இல் மத்திய அரசு மாவட்டத்துக்கு ஒரு குறைதீர்ப்பாளர் வேண்டும் என்று உத்தரவிட்டது. ஊரணி தூர்வாரியதற்குக் கூலி வரவில்லை என்றால் சென்னைக்குப் போகவேண்டாம். அவரே வேலை நடக்கும் இடத்துக்கு வந்து பார்க்கலாம். குடிநீருக்கும் குப்பைக்கும் கழிப்பிடத்துக்கும் மாவட்ட அளவில் இப்படி ஒருவர் ஏன் கூடாது என்பதற்கு யாரும் காரணம் சொன்னதாகத் தெரியவில்லை.

ஆனால் இத்தனை சொன்ன பிறகும் ஏர்வாடி அப்படியே நிற்கிறது. மாவட்டத்துக்கு ஒருவர் வந்தாலும் அவருக்கும் ஒரு மனுதாரர் வேண்டும். இந்தப் பதவியின் வரலாறே வாசலைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்திய வரலாறுதான். இங்கிலாந்தில் ஆரம்பத்தில் கவுன்சிலர் வழியாகத்தான் புகார் போகவேண்டும். நேராகப் போக 1988 வரை காத்திருந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிர்வாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளரிடம் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் நேராகப் போக முடியாது, பாராளுமன்ற உறுப்பினர் வழியாகப் போகவேண்டும். 1994-இல்தான் அந்தத் தடை நீங்கியது. கவுன்சிலரும் எம்.பி.யும் வாசலிலிருந்து விலகினார்கள். மனு என்ற காகிதம் மட்டும் வாசலில் நிற்கிறது.

தர்காவில் காத்திருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். இங்கே உத்தரவு என்ற சொல்லுக்குத் தனி அர்த்தம் உண்டு. பாதுஷா நாயகம் கனவில் வந்து போகலாம் என்று உத்தரவு கொடுக்கும்வரை இருக்கவேண்டும் என்பது நம்பிக்கை. சிலருக்குச் சில நாளில் வரும், சிலருக்கு மாதங்கள், சிலருக்கு வருடங்கள். இதை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. பதிவு எண் வைத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தின் உத்தரவுக்காக இருப்பவருக்கும் இவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, இவருக்காவது தன் குறை கேட்கப்பட்டது என்ற நம்பிக்கை இருக்கிறது. ஆனால் அந்தக் காத்திருப்புக் காலத்தில் அவர் எந்த ஊர்க்காரர்? மாதக்கணக்கில் ஏர்வாடித் தண்ணீரைக் குடிக்கிறார், ஏர்வாடிக் கழிப்பிடத்துக்குப் போகிறார், ஏர்வாடித் தெருவிளக்கடியில் படுக்கிறார். வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் கிராம சபை உறுப்பினர். ஊராட்சிக்கு வரும் நிதி மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்து வருகிறது. கணக்கெடுப்பிலும் பட்டியலிலும் அவர் பாலக்காட்டிலோ சித்தூரிலோ இருக்கிறார். ஊராட்சிக்கு அவர் செலவு மட்டும். வாக்கும் இல்லை, வரவும் இல்லை. அவரைப் பற்றி யோசிக்காததற்காக ஊராட்சியை மட்டும் திட்டிப் பயனில்லை, யோசிக்காமல் இருக்கும்படிதான் ஏற்பாடே இருக்கிறது.

அந்த ஊராட்சியும்தான் எப்போது இருக்கிறது? 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர்த் தேர்தல் வரை தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊராட்சிகள் தனி அலுவலர் கையில். மறுபடி, பெரும்பாலான மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்துவிட்டார். தலைவர் வீட்டு வாசலில் நின்று நாலு வார்த்தை சத்தம் போடுவதும் ஒரு குறைதீர்ப்பு முறைதான், பழைய முறை, சட்டென்று வேலை செய்யும் முறை. தனி அலுவலருக்கு வீட்டு வாசல் அந்த ஊரில் இல்லை.

2001 தீயை உச்ச நீதிமன்றம் பத்திரிகைச் செய்திகளை வைத்துத் தானாகவே எடுத்துக்கொண்டது. மனுதாரர் இல்லாத வழக்கு. 2002 பிப்ரவரியில், சங்கிலியால் பிணைப்பது சட்டவிரோதம் என்று ஊர் ஊராகச் சொல்லுங்கள், மனநோயாளியை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும், கோயிலுக்கோ தர்காவுக்கோ அல்ல என்று மக்களுக்குத் தெரிவியுங்கள் என்று உத்தரவிட்டது. மக்கள் தர்காவுக்கு வருவதை நிறுத்தவில்லை. நிறுத்துவார்கள் என்று நினைத்ததுதான் பட்டணத்து யோசனை. பிறகு வந்த தவா-துவா ஏற்பாடு அதைவிடப் புத்திசாலித்தனமானது: மருந்தும் இருக்கட்டும் பிரார்த்தனையும் இருக்கட்டும் என்று மனநல மருத்துவம் தர்காவுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. ஆஸ்பத்திரிக்கு வராதவரிடம் ஆஸ்பத்திரி போயிற்று. மருத்துவருக்கு முடிந்தது குறைதீர்ப்பாளருக்கு ஏன் முடியாது? மாதத்தில் ஒரு நாள் தர்கா வாசலில் நாற்காலி போடட்டும். அதைவிட, நாற்காலி போடாமல் நடக்கட்டும். விடுதிகளின் பின்பக்கம், கழிப்பிடம் இருக்கும் இடம், தண்ணீர்த் தொட்டி, காட்டுப்பள்ளிப் பக்கம். கண்ணில் பட்டதையே மனுவாகப் பதிந்துகொள்ளும் அதிகாரம் கேரளத்துக்காரருக்கு இருக்கிறது. சட்டத்தில் ஒரு வரிதான் அது.

2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை வெளிப்படையாகத் தடை செய்கிறது. மறுஆய்வு வாரியங்களை ஏற்படுத்தி, நோயாளியே விண்ணப்பிக்கலாம் என்கிறது. மறுபடி விண்ணப்பம். ஆனால் இந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு அந்தச் சிக்கல் தெரிந்திருக்கிறது. 27-ஆம் பிரிவில், மனநோய் உள்ளவருக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு என்று சொல்வதோடு நிற்காமல், அந்த உரிமை இருக்கிறது என்று அவரிடம் சொல்லவேண்டிய கடமையை மாஜிஸ்திரேட், போலீஸ் அதிகாரி, மனநல நிலையத்தின் பொறுப்பு மருத்துவர் ஆகியோர் தலையில் கட்டியிருக்கிறார்கள். உதவி கிடைக்கும் இடத்தின் விவரத்தையும் கொடுக்கவேண்டும். ஏர்வாடி தர்காவுக்கென்றே ஒரு காவல் நிலையம் இருக்கிறது. குறைதீர்ப்பாளர் என்று ஒருவர் என்றைக்காவது அந்த ஊருக்கு வந்தால் முதலில் அங்கே போய், இதுவரை எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறீர்கள், அதற்கான பதிவேட்டைக் காட்டுங்கள் என்று கேட்கட்டும்.